எண்பத்தெட்டாம் கட்டம்

3 பிப்ரவரி 2025, திங்கள்

கல்லறைப் பதிவேடு இன்று என் கைக்கு வந்தது. எங்கள் சபையின் சேகரச் செயலர் எட்வின் சார் கொடுக்கும்போது விட மனமில்லாதவர் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே கொடுத்தார். 1931-இல் தொடங்கிய நோட்டு. முதுகு கிழிந்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. எங்கள் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் மொத்தம் 212 குழிகள். எதில் யார் இருக்கிறார்கள், எது யாருக்கு ஒதுக்கம் என்பதெல்லாம் இந்த ஒரே நோட்டில்தான் இருக்கிறது.

இதைக் கணினியில் அட்டவணையாக அடித்துத் தருகிறேன் என்று கமிட்டியில் நானாகத்தான் எழுந்து சொன்னேன். வெளியில் கொடுத்து அடித்துவிடலாம், இந்த வயதில் உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார் எட்வின் சார். என் வயது 78. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அவருக்கு 66. வெளியில் கொடுத்தால் யார் பெயர் எங்கே போகும் என்று யார் கண்டது? ஒருவேளை அதற்காகத்தான் அப்படிச் சொன்னாரோ என்னவோ.

87-இல் என் மனைவி லில்லி இருக்கிறாள். அடுத்த குழியான 88 எனக்கு. 2015 நவம்பர் 11, அவளை அடக்கம் செய்த அன்றே எழுதி வாங்கிய இடம். இன்று நோட்டைத் திறந்து முதலில் பார்த்தது அதைத்தான். ‘88 – தங்கையா – ஒதுக்கம்.’ எழுத்து அழியாமல் இருக்கிறது.

6 பிப்ரவரி, வியாழன்

அட்டவணை போடும் விதத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. எத்தனை வரிசை, எத்தனை பத்தி என்று சொன்னால் கணினியே கோடு போட்டுக் கட்டம் கட்டிவிடுகிறது.

மில்லில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த முப்பத்தொரு வருடமும் தட்டச்சு இயந்திரத்தில் அட்டவணை அடித்தேன். கோட்டை ஸ்கேலால் போட வேண்டும். ஒரு எழுத்து தவறினால் தாள் முழுதும் வீண். நான் இன்ஸ்டிடியூட் போய்ப் படித்தவன் இல்லை, மதிய சாப்பாட்டு நேரத்தில் நானாகக் கற்றுக்கொண்டவன். சர்டிபிகேட் இல்லை என்று தலைமை எழுத்தர் வேலையை எனக்குப் பின்னால் வந்தவனுக்குக் கொடுத்தார்கள். அவன் அடித்த அட்டவணைகளைத் திருத்தியது நான்.

இப்போதைக்குக் குழி எண், பெயர் என்று இரண்டே பத்தி. அடக்கத் தேதிகள் நோட்டின் வலதுபக்கத் தாளில் தனியாக இருக்கின்றன. அவற்றை இரண்டாம் கட்டமாகச் சேர்ப்பேன்.

14 பிப்ரவரி, வெள்ளி

இன்று 90 வரை. 87 லில்லிபாய். 88 தங்கையா, ஒதுக்கம். 89 பாக்கியத்தாய், ஒதுக்கம். 90 யாக்கோபு. கடைசி இருவரும் தோட்டக் காவலர் மாசிலாமணியின் தாயும் தகப்பனும். தகப்பன் போய்ப் பல வருடம் ஆகிறது. மேலே கல்லறை கட்டவில்லை, எண் கல் மட்டும் நிற்கிறது. தாய் படுத்த படுக்கை.

88-ஐ அடித்த பிறகு கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு காப்பி. மூன்று கரண்டி சீனி. மகள் பியூலா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். டப்பா நிறைய இருக்கிறது என்றேன்.

26 பிப்ரவரி, புதன்

212-ம் முடிந்தது. 190-லிருந்து கடைசி வரை எல்லாம் காலி என்பதால் ‘காலி’ என்றே அடித்தேன்.

திருத்தம் பார்த்தபோது ஒரு பிழை அகப்பட்டது. 33 வேதமாணிக்கம், 34-ம் வேதமாணிக்கம். பழைய ஆள் தூக்கக் கலக்கத்தில் ஒரே பெயரை இரண்டு தரம் எழுதியிருக்கிறார். தொண்ணூறு வருடமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை.

34-க்கு எதிரே உள்ள பெயர்க் கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னேன். ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்டது: இடப்பக்கம் நகர்த்தவா, மேலே நகர்த்தவா, முழு வரிசையையும் அழிக்கவா, பத்தியையே அழிக்கவா? வரிசையை அழித்தால் 34 என்ற எண்ணும் போய்விடும். தோட்டத்தில் அந்த எண்ணோடு சிமென்ட் கல் நிற்கிறதே. மேலே நகர்த்து என்றேன். ஓட்டை தானாக அடைபட்டுவிட்டது. தட்டச்சு இயந்திரத்தில் இதற்கு ஆறு தாளையும் மறுபடி அடித்திருக்க வேண்டும்.

27 பிப்ரவரி, வியாழன்

காலையில் எட்வின் சார் வந்தார். அட்டவணையை ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார். அவரை முன்னறையில் உட்காரவைத்துவிட்டுக் காப்பி போடப் போனேன். மடிக்கணினி மேசைமேல் திறந்தே இருந்தது. பிறகு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு கடைசிப் பக்கத்தைப் பார்க்கிறேன், 212-க்கு எதிரே ஒன்றும் இல்லை. ‘காலி’ என்று நான் அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுபடி அடித்து, அவரையும் போனில் கூப்பிட்டு அடித்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்றும் தெரியாதவர் போல, சரி அண்ணாச்சி என்றார்.

9 மார்ச், ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு கமிட்டி. அட்டவணை அச்சிட்டு வந்தது. ஆறு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் தாளை நான் பார்க்கவே தேவையில்லை. 87-ம் 88-ம் எனக்கு மனப்பாடம்.

மாசிலாமணி வாசலில் நின்றுகொண்டு, ஒருநாள் தோட்டத்தில் வைத்து எண் எண்ணாகச் சரிபார்த்துவிடலாம் என்றான். இருபத்திரண்டு வருடமாகத் தோட்டத்தைப் பார்ப்பவனாம், எல்லாம் மனதில் இருக்கிறதாம். இப்படி மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஊரிலும் கல்லறைச் சண்டை வருகிறது. இவனுக்கு எதற்கு இந்த அக்கறை?

நான் எழுந்து சொன்னேன். இனி அடக்கம் என்றால் அட்டவணை சொல்லும் இடத்தில்தான். ஒருவர் நினைவும் செல்லாது, செயலரோ காவலரோ மாற்றிச் சொல்லக் கூடாது. தீர்மானமாகவே எழுத வைத்தேன். எட்வின் சாரும் கையெழுத்துப் போட்டார். முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

25 மார்ச், செவ்வாய். கோயம்புத்தூர்

நேற்று வலது கண்ணில் புரை எடுத்தார்கள். சர்க்கரை கூடியிருக்கிறது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டுத்தான் செய்தார்கள். டாக்டர் சின்னப் பெண். இப்படியே போனால் அடுத்த கண்ணுக்கு நீங்கள் வரமாட்டீர்கள் தாத்தா என்றாள். ஒற்றைக் கண்ணோடு எழுதுகிறேன்.

காலையில் மாசிலாமணி மூன்று தரம் போன் செய்தான். எடுக்கவில்லை. யாரிடமாவது சிபாரிசு சொல்லச் சொல்லுவான்.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

ஊருக்கு வந்துவிட்டேன். ஆராதனை முடிந்து குருத்தோலையை லில்லிக்கு வைக்கப் போனேன்.

88-இல் புது மண்.

மரச் சிலுவையில் பாக்கியத்தாய் என்று எழுதியிருக்கிறது. மார்ச் 25.

14 ஏப்ரல், திங்கள்

தூங்கவில்லை. காலை ஐந்து மணிக்கே கணினியைத் திறந்தேன். 88 – பாக்கியத்தாய் – ஒதுக்கம். 87 – தங்கையா. லில்லியை 86-க்குத் தள்ளியிருக்கிறார்கள். அவள் படுத்திருக்கும் குழியிலேயே என் பெயர்! எங்கே தொடங்கி எதுவரை மாற்றியிருக்கிறார்கள் என்று பார்க்கப் பொறுமை இல்லை. பார்த்த மட்டும் போதும்.

நான் அடித்தது இது அல்ல. பிப்ரவரி 14-ஆம் தேதி இந்த நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அச்சுப் பிரதியிலும் அப்படியே. ஆக, பென் டிரைவில் ஏறுவதற்கு முன்பே மாற்றம் நடந்திருக்கிறது. பிப்ரவரி 27. நான் அடுப்பங்கரையில் இருந்தேன், எட்வின் முன்னறையில் தனியாக இருந்தார். பால் பொங்கிக் காப்பி கலக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று இன்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். எட்டு நிமிடம். எட்டு நிமிடத்தில் நான் ஒரு தாளே அடித்துவிடுவேன். அவசரத்தில் கடைசிக் கட்டத்திலும் கை பட்டிருக்கும், அதனால்தான் 212 வெறுமையாக இருந்தது. எல்லாம் பொருந்துகிறது.

மாசிலாமணி தாய்க்கு நல்ல இடம் வேண்டும், ஆலமர நிழல் விழும் இடம். எட்வினுக்கு என்னை அவமானப்படுத்த வேண்டும். இருவரும் சேர்ந்துவிட்டார்கள்.

கணினிக்கு ரகசிய எண் வைத்துவிட்டேன்.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

பேராயர் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினேன். நான்கு பக்கம். இணைப்பாக ஓர் அட்டவணை: நாள், நேரம், இடம், யார் இருந்தது, என்ன செய்தது. ஐந்து பத்தி. கோடு ஒன்றுகூட விலகவில்லை.

இராப்போசன ஆராதனைக்குப் போனேன். எட்வின் இருந்த வரிசையில் உட்காரவில்லை.

2 மே, வெள்ளி

விசாரணை 28-ஆம் தேதி. அதுவரை தோட்டத்துச் சாவி மாசிலாமணியிடம் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது. குற்றம் உறுதியானால் வேலையும் போகும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். உள்ளே கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே பேசினான்.

“அண்ணாச்சி, எங்க அப்பா தொண்ணூறுல கெடக்காவ. அவியளுக்கு அடுத்தாப்புல எம்பத்தொம்பது. அம்மைய ஒண்ணு தள்ளி வையின்னு நானா சொல்லுவேன்?”

நான் கேட்டின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன்.

“குழி வெட்டும்போதே தப்புன்னு சொன்னேன். செயலர் பேப்பரக் காமிச்சாவ. பேப்பர்ல இருக்குறதுதான், அண்ணாச்சி போட்ட தீர்மானம்னுட்டாவ. உங்களுக்கு மூணு தரம் போன் போட்டேன்லா.”

கதவைச் சாத்தினேன். நன்றாகப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

11 மே, ஞாயிறு

தோட்டத்தில் புல் முழங்கால் உயரம். லில்லியின் கல்மேல் ஆலம்பழம் கொட்டிக் கிடக்கிறது. துடைக்க ஆள் இல்லை. நான் துடைத்தேன். குனிந்தால் கண்ணுக்குள் இழுக்கிறது.

மாசிலாமணி சொன்னதைச் சோதிக்க எண் கற்களைப் பார்த்தேன். 88-இல் அந்த அம்மாள். 89 வெறும் தரை. 90-இல் பழைய மேடு, தலைமாட்டில் யாரோ நட்ட நித்தியகல்யாணிச் செடி. செடி வாடியிருக்கிறது.

இது ஒன்றையும் நிரூபிக்காது.

19 மே, திங்கள்

விசாரணைக்கு ஆதாரம் பலமாக இருக்க வேண்டும். அடக்கத் தேதிகளையும் சேர்த்துவிட்டால், பெயருக்கும் தேதிக்கும் எங்கே பொருந்தாமல் போகிறதோ அங்கேதான் எட்வின் கைவைத்திருக்கிறார் என்று காட்டிவிடலாம். மூன்றாவது பத்தி சேர்த்தேன். முதல் குழியிலிருந்து தொடங்கினேன்.

32 வரை சரியாக வந்தது. 33 வேதமாணிக்கம், 4.8.1958.

34. நோட்டின் வலதுபக்கத்தில் தேதி 19.1.1984. இடதுபக்கத்தில் பெயர் வேதமாணிக்கம். கணினியில் 34-க்கு எதிரே ரூத்தம்மாள்.

இருபத்தைந்து வருட இடைவெளி. எழுதிய கையும் வேறு, மையும் வேறு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் ஆட்களின் வழக்கம். தங்கையா என்பது என் தாத்தாவின் பெயர்.

35-இல் ரூத்தம்மாளின் தேதி. 36, 37, 38. எல்லாம் ஒன்று தள்ளி.

நிறுத்திவிட்டேன்.

20 மே, செவ்வாய்

கணினியைத் திறக்கவில்லை.

21 மே, புதன்

212 வெறுமையாக இருந்ததன் காரணம் தெரிந்தது. எழுத விருப்பமில்லை.

23 மே, வெள்ளி

பால் திரிந்துவிட்டது. கடைக்குப் போகும் வழியில் எட்வின் எதிரே வந்தார். பார்த்தும் பார்க்காதது போல நான்தான் தெருவைக் கடந்தேன்.

அன்று 34-ஐ அழித்தபோது வந்த அந்தச் சின்னப் பெட்டி நான்கு வழியையும் வரிசையாகக் கேட்டது. அவசரப்படுத்தவில்லை.

28 மே, புதன்

விசாரணை ஆலய அலுவலகத்தில். பேராயர் அலுவலகத்திலிருந்து இருவர் வந்திருந்தார்கள். எங்கள் குருவானவர், எட்வின், மாசிலாமணி, நான். மாசிலாமணி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

முதலில் எட்வினைக் கேட்டார்கள். பிப்ரவரி 27 அன்று தங்கையா அவர்கள் வீட்டில் தனியாக இருந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று. அவர் அவர்களுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“மேசைகிட்டயே நான் போகல அண்ணாச்சி. சொவத்துல லில்லி அக்கா போட்டோவப் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு சண்டே ஸ்கூல்ல பாடம் எடுத்தவுங்க.”

அது எனக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை. அல்லது சொல்லி நான் கேட்கவில்லை.

என் முறை வந்தது. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். காரணம் கேட்டார்கள். 34-லிருந்து பெயர்கள் ஒரு கட்டம் மேலே நகர்ந்திருக்கின்றன என்றேன். யார் நகர்த்தியது என்றார்கள். கம்ப்யூட்டர் என்றேன். வந்தவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“கம்ப்யூட்டர்ல யாரு உக்காந்திருந்தது?”

“அதுல என்னையத் தவிர ஒருத்தரும் உக்காரல” என்றேன்.

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். எழுதட்டும். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். நோட்டில் பெயர் எழுதும்போது பக்கத்திலேயே ‘பேரன்’ என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் இது வந்திருக்காது. அதையும் சொன்னேன். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

சாவியை அங்கேயே மாசிலாமணியிடம் கொடுத்துவிட்டார்கள்.

31 மே, சனி

காலை ஆறு மணிக்குத் தோட்டம். திருத்திய அட்டவணையின் ஆறு தாளோடு நான். கையில் அரிவாளோடு மாசிலாமணி. அவன் புல்லை வெட்டி ஒதுக்கி, கல்லைத் தேய்த்து எண்ணையும் பெயரையும் சொல்ல, நான் டிக் அடித்தேன். ஒன்றிலிருந்து. அவன் நோட்டைப் பார்க்கவே இல்லை. ஒன்றுகூடத் தவறவில்லை. 61-இல் நோட்டிலேயே இருந்த ஒரு தவறை அவன் திருத்தினான். சரிதானா என்று நான் இரண்டு தரம் கேட்டேன். சரிதான்.

87 வந்தபோது எண்ணை மட்டும் சொன்னான், பெயரைச் சொல்லவில்லை. டிக் அடித்தேன்.

88-க்கு முன்னால் அரிவாளைக் கீழே வைத்தான்.

“அம்மையத் தோண்டி அந்தால வைக்கணும்னா சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடுதேன். உங்க எடம் உங்களுக்கு.”

“ஏல, மண்ணத் தொடாத. கெடக்கட்டும்.”

“நீங்க எங்க அண்ணாச்சி...”

“அத நான் பாத்துக்கிடுதேன்.”

90-க்குப் போனோம். நித்தியகல்யாணிக்கு அவன் தண்ணீர் ஊற்றினான். நான் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “அன்னிக்கு நீ போன் போட்டப்ப எனக்குக் கண்ணுலதான் கட்டு. காதுல இல்ல.”

அவன் செம்பைக் கவிழ்த்து உதறினான். “வெயில் ஏறுது அண்ணாச்சி. அடுத்தது தொண்ணூத்தொண்ணு” என்றான்.

8 ஜூன், ஞாயிறு

கமிட்டி. என் இடம் பற்றிப் பேச்சு வந்தது. இப்போது காலியாக இருப்பது 89, அதை உங்களுக்கு எழுதிவிடலாம், லில்லி அக்காவுக்கு ஒன்று தள்ளித்தானே என்றார் எட்வின். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். முழுதாக நம்பிவிடவில்லை.

“ஒரு புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல போயி நான் படுக்கவா?” என்றேன்.

190-க்கு மேல் சுவரோரமாக நிறைய இருக்கிறது என்றார் குருவானவர். சுவரோரம் எனக்கு வேண்டாம். நோட்டின் கடைசி அட்டையில் ஒட்டியிருக்கும் பழைய விதிகளை எடுத்து வாசித்தேன். ஏழாவது விதி: அடக்கம் நடந்து பதினான்கு ஆண்டு நிறைந்த குழியில், அதே குடும்பத்தார் ஒருவரை அடக்கம் செய்யலாம்.

எட்வின் விரல் விட்டு எண்ணினார். “அதுக்கு ரெண்டாயிரத்து இருபத்தொம்பது நவம்பர் ஆகணுமே அண்ணாச்சி. அதுவரைக்கும்...” என்று இழுத்தார்.

“இருப்பேன்” என்றேன்.

தீர்மானம் எழுதினார்கள். அட்டவணையை அங்கேயே எல்லார் கண் முன்னாலும் திருத்தினேன். 89-க்கு எதிரே: ‘யாக்கோபு, பாக்கியத்தாய் இருவருக்கும் நடுவே. காலியாகவே விடவும்.’ 87-க்கு எதிரே லில்லிபாயின் பெயருக்குக் கீழே, அதே கட்டத்தில்: ‘தங்கையா – ஒதுக்கம் – 11.11.2029-க்குப் பின்.’ கட்டம் தானாக உயரம் கூடி இடம் கொடுத்தது. ஏப்ரலில் எந்தக் கட்டத்தில் என் பெயரைப் பார்த்துக் கொதித்தேனோ, அதே கட்டம்.

மாசிலாமணியைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். சரிபார்த்துச் சொல்லச் சொன்னேன். பார்த்தான். சரியாக இருக்கிறது என்றான்.

இன்னும் நான்கு வருடம் ஐந்து மாதம் மூன்று நாள். அப்போது எனக்கு 82. அடுத்த கண்ணுக்கு நாள் குறிக்கும்படி பியூலாவிடம் சொல்லிவிட்டேன். அந்த டாக்டர் பெண்ணையே பார்க்கச் சொன்னேன்.

சாயங்காலம் சீனி இல்லாத காப்பி. வாயில் வைக்க முடியவில்லை. முழுவதும் குடித்தேன்.